பாட்டில் வாழையும் கல்நெஞ்சுக்காரியும்

காலை மடக்கிப் படு, பவுனு. அத்தை இடுப்புல உதைக்காத. தலகாணி வேணுமா, என் கை வேணுமா? கையா? சரி, வச்சுக்க. மரத்துப் போச்சுன்னா உருவிருவேன், அப்போ சிணுங்கக் கூடாது. நான் சொல்லச் சொல்ல "ம்" கொட்டணும். "ம்" நின்னா கதையும் நின்னுரும், தெரிஞ்சுக்க.

"ம்."

ஒரு ஊர்ல ராசாவும் இல்ல, ராணியும் இல்லையாம். ஒரு வாழைதான் இருந்துச்சாம். மஞ்சக்குட்டின்னு அதுக்குப் பேரு. பழம் கட்டைவிரல் தண்டிதான் இருக்கும், தோலு காயிதம் மாதிரி. உரிச்சு வாயில போட்டா முதல்ல லேசாப் புளிக்கும், அப்புறம் தித்திக்கும், முழுங்கின பெறகும் நாக்கு அதையே தேடிக்கிட்டுக் கிடக்கும். அந்த ஊர்ல பச்சப்பிள்ளைக்கு முதல்முதலா நாக்குல தடவுறதும் மஞ்சக்குட்டிதான். சாகக் கிடக்குற கிழடு கடைசியா வாய்விட்டுக் கேக்குறதும் மஞ்சக்குட்டிதான். வேற எந்த ஊர்லயும் அந்தப் பழம் கிடையாது. எல்லாக் கொல்லையிலயும் நிக்கும், அதனால யாரும் அதைப் பெருசா நினைக்கவும் இல்ல.

"ம்."

அந்த ஊர்ல பொம்முத்தாய், பொம்முத்தாய்னு ஒருத்தி இருந்தா. நல்லவதான். ஆனா அளவு தெரியாத நல்லவ. ஆட்டுக்குட்டி மெலிஞ்சிருக்கேன்னு புண்ணாக்கை அள்ளி அள்ளிப் போட்டு அதுக்கு வயித்தால போக வச்சவ. அவ புருசன் சீலமுத்து. வாயில கொழுக்கட்டை வச்ச மனுசன். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை சேந்தாப்ல பேசிட்டான்னா அன்னைக்கு மழை வரும்னு ஊர்ல கேலி பண்ணுவாங்க.

ஒருநா பொம்முத்தாய் பிறந்த வீட்டுத் திருவிழாவுக்குப் போயிட்டுத் திரும்பி வாரா. வர்ற வழியில சந்தை. கலைஞ்சு போன சந்தையில யாரோ ஒருத்தன் விக்காத வாழைக்கன்னு ஒண்ணை வீசிட்டுப் போயிருக்கான். "ஐயோ பாவமே, தாகமாக் கிடக்கே"ன்னு தூக்கிட்டு வந்து கொல்லையில நட்டுட்டா. அவளுக்குத்தான் எதைப் பாத்தாலும் பாவமா இருக்குமே!

அப்புறம் என்னாச்சுன்னா, அந்தக் கன்னு வளரல. இலையெல்லாம் குட்டி குட்டியா, வெறைப்பா, உச்சியில கொத்துக் கொத்தா நின்னுச்சு. முடிக்கொத்துன்னு அது ஒரு நோவு. கருப்பா ஒரு பொடிப்பேன் இருக்கும், அது இந்த வாழையில சாறை உறிஞ்சிட்டு அடுத்த வாழையில போய் உக்காரும், நோவும் கூடவே போய் உக்காந்துரும். அதுக்கு மருந்தே கிடையாது. அந்த நோவு வந்த வாழை குலை தள்ளாது. பொம்முத்தாய் கொல்லையில இருந்து எதுத்த வீட்டுக்கு, அங்கிருந்து மேலத்தெருவுக்கு, இப்படி ஊரே முடிக்கொத்தாப் போச்சு. ஊர்க்காரங்க அம்புட்டு வாழையையும் தோண்டி எடுத்து வெட்டிக் காயப்போட்டுக் கொளுத்தினாங்க. சடசடன்னு எரிஞ்சுச்சாம். பச்சை வாழை எரியுற புகை கண்ணைக் கரிக்கும். அன்னைக்கு யாரு புகையில அழுதாங்க, யாரு நெசமா அழுதாங்கன்னு யாருக்கும் தெரியல.

தூங்கிட்டியா?

"இல்ல. யாரு பாவம்?"

எல்லாரும் பாவந்தான். கேளு. "பொம்முத்தாய் கொண்டாந்த நோவு"ன்னு ஊர் முடிவு பண்ணிருச்சு. யார் கண்டா, பேன் காத்துலயே கூட வந்திருக்கலாம். ஆனா உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அதைவிடக் கொடுமை என்னன்னா, ஊர் அவகிட்ட வாயைத் திறக்கவே இல்ல. குழாயடிக்கு அவ குடத்தோட வந்தா பேச்சு டப்புன்னு நின்னுரும். அவ தண்ணி பிடிச்சுட்டுத் திரும்பினதும் குசுகுசுன்னு திரும்ப ஆரம்பிக்கும்.

எல்லாத்துக்கும் மேல எதுத்த வீட்டுக் குருவம்மா. அவ ஆத்தாக்காரி சாகக் கிடந்தப்போ மஞ்சக்குட்டி வேணும்னு கேட்டாளாம். ஊர் முழுக்கத் தேடினாலும் ஒரு பழம் கிடைக்கல. அன்னையில இருந்து குருவம்மா பொம்முத்தாய் முகத்தைப் பாக்குறதில்ல. ஏதாச்சும் சொல்லணும்னா ஆட்டைப் பாத்துச் சொல்லுவா, செவுத்தைப் பாத்துச் சொல்லுவா. "ஏ ஆடே, வாசல்ல தண்ணியை ஊத்தி வச்சிருக்கவளை ஓரமா ஊத்தச் சொல்லு." இப்படிச் சாடைப்பேச்சுதான். ஆடு பாவம், மே-ன்னு கத்தும்.

பொம்முத்தாய்க்குச் சோறு இறங்கல. "ஒரே ஒரு கன்னு நல்லபடியா வளத்து இந்த ஊருக்குக் குடுத்துட்டேன்னா போதும், அப்புறம் யாரும் என்கிட்ட பேசலைன்னாக்கூட நான் நிம்மதியாக் கண்ணை மூடுவேன்"னு புருசன்கிட்ட புலம்புவா. அவன் கேட்டுக்கிட்டே ஆட்டுக்குத் தழை ஒடிச்சுப் போடுவான். ஆனா ஒருநா மலையில ஆடு மேய்க்கப் போனவன் திரும்பி வந்து, "ஊத்துக்கிட்ட ஒண்ணு நிக்குது"ன்னான்.

"என்னது?"ன்னு பொம்முத்தாய் கேட்டா.

"மஞ்சக்குட்டி."

ரெண்டு பேரும் ஓடினாங்க. ஊத்தோரமா ஒரே ஒரு வாழை. ஆனா அதுக்கும் உச்சியில லேசாக் கொத்துக் கட்ட ஆரம்பிச்சிருச்சு. பக்கக்கன்னைத் தோண்டி, ஈரச்சாக்குல சுத்தி, பஸ் ஏறி டவுனுக்குப் போனாங்க. அங்க வாழையைப் பாட்டில்ல வளக்குற ஆபீசு ஒண்ணு இருந்துச்சு. அங்க எஸ்தர் மேடம்னு ஒருத்தங்க, வெள்ளைக்கோட்டு போட்டிருப்பாங்க. கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டுச் சொன்னாங்க: "நடுக்குருத்துக்குள்ள கடுகளவு ஒரு நுனி இருக்கும்மா. நோவு அங்க எட்டியிருக்காதுன்னு நம்புறேன். அதை வச்சுப் பாப்போம்."

"ம்."

கடுகளவுதான், பவுனு! அதைக் கண்ணாடி பாட்டிலுக்குள்ள வச்சாங்க. நோம்புக்குப் பாத்திமாக்கா வீட்டுல இருந்து கடல்பாசி வருமே, கிண்ணத்துல தளக்குபுளக்குன்னு ஆடுமே, அது மாதிரிதான் ஒண்ணு பாட்டிலுக்குள்ள இருக்கும். அதுல சீனி, சத்து எல்லாம் கலந்திருக்கும். நம்ம கடுகு அதுல உக்காந்து தின்னுச்சு, குடிச்சுச்சு, ஒண்ணு ரெண்டாச்சு, ரெண்டு கூட்டமாச்சு. நோவு இருக்கான்னு சோதிச்சும் பாத்துட்டாங்க, இல்ல. ஒரு மழைக்காலம் போய் மறு மழைக்காலம் வந்தப்போ மேடம் கூப்பிட்டு விட்டாங்க. மத்த பாட்டிலெல்லாம் பூஞ்சை பிடிச்சுப் போச்சாம், மலையில நின்ன தாய்மரமும் போச்சு. தேறினது மூணே பாட்டிலு.

"இவ்வளவுதான்மா. இது போச்சுன்னா திரும்ப எடுக்க எங்கயும் கிழங்கு இல்ல"ன்னாங்க மேடம். அப்புறம் பொறுமையாச் சொன்னாங்க, வேர்ல ஒட்டியிருக்குறதைச் சுத்தமாக் கழுவணும், வெயில் ஆகாது, மூடி வச்சுக் கொஞ்சம் கொஞ்சமாத் திறக்கணும். பொம்முத்தாய் எல்லாத்துக்கும் தலையை ஆட்டினா. காதுல விழுந்துச்சு, மனசுல நிக்கல. அவ கண்ணு பூராவும் பாட்டில் மேலதான் இருந்துச்சு. உள்ள பச்சைப்பசேல்னு குட்டிக் குட்டி இலை, அம்புட்டு அழகு!

ஊருக்குள்ள சேதி பரவிருச்சு. அந்த ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பிறந்தா கொஞ்ச நாள் உள்ளயே வச்சிருந்து, நல்ல நாள் பாத்து வெளிய கொண்டாந்து சூரியனைக் காட்டுவாங்க. அதுக்கு முன்னாடி அது ஊர்ப்பிள்ளை இல்ல. பொம்முத்தாய் நினைச்சா, "இதுவும் பிள்ளைதானே, சூரியனைக் காட்டாம எப்படி நம்மூரு வாழையாகும்?" அப்படின்னுட்டு ஒரு பாட்டிலைத் திறந்து, கன்னை எல்லாம் ஒண்ணொண்ணா எடுத்துத் தாம்பாளத்துல வேப்பிலை விரிச்சு வச்சு, குங்குமம் வச்சு, வாசலுக்குக் கொண்டு வந்தா.

அம்புட்டுப் பொம்பளையும் வந்துட்டாங்க! பேசத்தான் மாட்டாங்களே தவிர, பிள்ளை பாக்குறதுன்னா எவ விடுவா? குலவை போட்டாங்க, லுலுலுலுலுன்னு. கன்னுகிட்ட மட்டும் கொஞ்சினாங்க. "என் செல்லமே, என் தங்கமே, உங்காத்தாளை மாதிரி இருந்துராத"ன்னு ஒருத்தி. குருவம்மா தூரத்துல நின்னு எட்டிப் பாத்தா, அம்புட்டுத்தான்.

சூரியன் மேல வந்துச்சு. சுள்ளுன்னு அடிச்சுச்சு. முதல்ல ஒரு இலை ஓரம் சுருண்டுச்சு. அப்புறம் ஒரு கன்னு தலையைச் சாச்சுச்சு. "தூக்கம் வருது பிள்ளைக்கு"ன்னு சிரிச்சாங்க. அப்புறம் பொத்து பொத்துன்னு எல்லாம் சாஞ்சுச்சு. பொம்முத்தாய் கொண்டு போய் நிழல்ல வச்சா, தண்ணி தெளிச்சா, விசிறினா. உச்சிப்பொழுதுக்குள்ள தாம்பாளத்துல கீரை வதக்கி வச்ச மாதிரி கிடந்துச்சு. வந்த பொம்பளைங்க ஒவ்வொருத்தியா நழுவிட்டாங்க. முந்தி மாதிரியே யாரும் ஒரு வார்த்தை பேசல.

"அழுதாளா?"

அழாம என்ன செய்வா? அன்னைக்கு முழுக்க அழுதா.

அப்புறம் அவ என்ன பண்ணினா, ரெண்டாவது பாட்டிலைத் திறந்தா. பயந்து போனவ இருக்காளே, அவ எப்பவும் எதுப்பக்கம் போய் விழுவா. வெளிச்சமே படக்கூடாதுன்னு நெல்லு மூட்டை அடுக்குற இருட்டு ரூம்புல கொண்டு போய் வச்சா. மேல ஈரச்சாக்கு, அதுக்கு மேல இன்னொரு ஈரச்சாக்கு. காலையில தண்ணி, மத்தியானம் தண்ணி, மனசு கேக்கலன்னா நடுவுல ஒரு தடவை. வேரைத் தொட்டா வலிக்கும்னு கழுவவும் இல்ல. வேர்ல சீனி ஒட்டியிருந்தா எறும்பு சும்மா இருக்குமா? சாரை சாரையா வந்துச்சு. அப்புறம் வெள்ளையாப் பஞ்சு மாதிரி பூஞ்சை. ஒருநா சாக்கைத் தூக்கிட்டு ஒரு கன்னை ஆசையாத் தொட்டா, பொதக்குன்னு கழுத்தோட கையில வந்துருச்சு. அடுத்தது, பொதக். அதுக்கடுத்தது, பொதக்.

சீலமுத்து பாத்துட்டு நின்னான். "குளிக்க வச்சே கொன்னுட்டியே, பிள்ள"ன்னான். அவன் திட்டல. ஆனா அது அவளுக்குத் திட்டை விட வலிச்சுச்சு.

"ம்... இன்னும் ஒண்ணு இருக்குல்ல?"

கெட்டிக்காரி. ஒண்ணு இருக்கு. அதை முந்தானையில சுத்திக்கிட்டு நேரா டவுனுக்குப் போனா. மேடம் மேசையில வச்சா. "நீங்களே வச்சுக்கங்க மேடம். என் கை பாவக்கை."

எஸ்தர் மேடம் முதல்ல தண்ணி குடிக்கக் குடுத்தாங்க. அப்புறம் சொன்னாங்க, "நான் வச்சுக்கலாம். பாட்டிலுக்குள்ளயே நல்லா இருக்கும். ஆனா பாட்டிலுக்குள்ள வாழை குலை தள்ளுமா பொம்முத்தாய்?"

பொம்முத்தாய் இல்லைன்னு தலையை ஆட்டினா.

"இங்க பாருங்க. இலைக்கு வாய் இருக்கு, கண்ணுக்குத் தெரியாத வாய். தாகம் வந்தா அதை மூடிக்கணும், இல்லன்னா உள்ள இருக்குற தண்ணி எல்லாம் வெளிய போயிரும். பாட்டில்ல பிறந்ததுக்குத் தாகம்னா என்னன்னே தெரியாது. எப்பவும் வாயைத் திறந்தே வச்சிருக்கும். மூடப் பழகணும். நீங்க ஒரேயடியாத் திறந்து விட்டாலும் செத்துரும், ஒரேயடியா மூடி வச்சாலும் பழகாது. தெனமும் கொஞ்சம் வாடணும், வாடிட்டு அதுவா நிமிரணும். அது வாடுறப்போ நீங்க ஓடிப் போய்த் தண்ணி ஊத்துனீங்கன்னா அது எப்போ பழகும்?"

"அது வாடுறதைப் பாத்துக்கிட்டு என்னால சும்மா இருக்க முடியாது மேடம்."

"அப்போ இருக்க முடிஞ்ச ஆளைப் பாருங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க மேடம். அவங்க விளையாட்டுக்குத்தான் சொன்னாங்க. பஸ்ல ஜன்னலோரம் உக்காந்து வந்த பொம்முத்தாய் அதையே நினைச்சுக்கிட்டு வந்தா.

பஸ்ஸை விட்டு இறங்கினதும் வீட்டுக்குப் போகல. நேரா குருவம்மா வீட்டு வாசல்ல போய் நின்னா!

"ஐயய்யோ!"

ஐயய்யோதான். குருவம்மா வாசல்ல உக்காந்து முறத்துல பயறு புடைச்சுக்கிட்டு இருந்தா, டொப்பு டொப்புன்னு. நிமிரவே இல்ல.

"மதினி, நீங்க பேச வேணாம். கேட்டா போதும். ஒரு பாட்டிலை ஆசையில கொன்னேன், ஒரு பாட்டிலைப் பயத்துல கொன்னேன். இன்னும் இருக்குறது இது ஒண்ணுதான். தெனமும் கொஞ்சங் கொஞ்சமாத் திறந்து, வாடி வாடி, இது இலை வாயை மூடப் பழகணுமாம். வாடுனா நான் தண்ணியைத் தூக்கிட்டு ஓடிருவேன். எனக்கு மனசு பத்தாது. இந்த ஊர்ல என் மேல கொஞ்சங்கூட இரக்கம் இல்லாத ஆள் நீங்கதான். நீங்க வந்து திறங்க. நான் கிட்ட வந்தா அடிங்க."

முறம் நின்னுச்சு. குருவம்மா செவுத்தைப் பாத்தா. "ஏ செவுரே, கேட்டியா? கல்நெஞ்சுக்காரி வேணுமாம். தேடிப் பிடிச்சு நம்ம வீட்டுக்கு வந்திருக்கா." முறத்துல கிடந்த கல்லு ஒண்ணைப் பொறுக்கி எறிஞ்சா. அப்புறம் மெதுவா, "எங்காத்தா வெறும் வாயோட போனா, செவுரே. அதை நான் மறந்துட்டேன்னு யாரும் நினைச்சுர வேணாம்"னா. மறுபடி டொப்பு டொப்புன்னு புடைக்க ஆரம்பிச்சுட்டா. பொம்முத்தாய் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்துட்டா.

அவ இந்தத் தடவை மேடம் சொன்னதை ஒண்ணு விடாமச் செஞ்சா. வேரைப் பச்சத்தண்ணியில அலசு அலசுன்னு அலசினா, வழவழப்பு போற வரைக்கும். சிரட்டைக்கு அடியில ஓட்டை போட்டு, தேங்காநார்த்தூளை நனைச்சுப் பிழிஞ்சு நிரப்பி, சிரட்டைக்கு ஒரு கன்னு வச்சா. வேப்பமர நிழல்ல அடுக்கினா. சீலமுத்து மூங்கிக்குச்சியை வளைச்சு நட்டான், மேல பாலித்தீன் தாளு. உள்ள பாத்தா புகை மாதிரி ஈரம் கட்டி நின்னுச்சு. கன்னு சுகமா இருந்துச்சு. புது வேரும் விட ஆரம்பிச்சுச்சு. இனிமே திறக்கணும். திறக்கத்தான் அவளுக்குக் கை வரல. தாளு நுனியைப் பிடிப்பா, விட்டுருவா. பிடிப்பா, விட்டுருவா.

அப்போ ஒருநா விடியக்காலையில வாசல்ல செருப்புச் சத்தம், சரக் சரக். குருவம்மா! கையில விளக்குமாறு. யாரையும் பாக்கல. நேரா வேப்பமரத்தடிக்குப் போனா, தாளை ஒரு விரக்கடை தூக்கிக் கல்லை வச்சா, பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்துட்டா. ஆட்டைப் பாத்து, "ஏ ஆடே, யாராச்சும் கிட்ட வந்தா வெளக்குமாறு பேசும்னு சொல்லு"ன்னா.

"ஹி ஹி."

சிரிக்காத, தூக்கம் கலைஞ்சுரும். மத்தியானம் ஆச்சு, கன்னு லேசாத் தலையைச் சாச்சுச்சு. பொம்முத்தாய்க்கு இருப்புக் கொள்ளல. செம்புல தண்ணியோட மெதுவா, பூனை மாதிரி வந்தா. பட்டுன்னு ஒரு அடி, முழங்காலுக்குக் கீழ. "ஆ!"ன்னு திரும்பி ஓடிட்டா. அடுப்படியில உக்காந்து காதைப் பொத்திக்கிட்டா, என்னமோ கன்னு அழுறது கேக்குற மாதிரி. சாயங்காலம் சீலமுத்து வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்க் காட்டினான். சாஞ்ச கன்னு அம்புட்டும் நிமிந்து நின்னுச்சு. தண்ணி யாரும் ஊத்தல. அதுவா நிமிந்துச்சு.

"அதுவாவே?"

அதுவாவே. பொம்முத்தாய் அப்பவும் அழுதா, ஆனா அது வேற அழுகை.

அப்புறம் ரெண்டு விரக்கடை. அப்புறம் ஒரு சாண். அப்புறம் தாளையே எடுத்தாச்சு. குருவம்மா விடாம வந்தா. வேரு சிரட்டை ஓட்டை வழியா எட்டிப் பாத்ததும் கன்னைப் பால் கவருக்கு மாத்தினாங்க, செம்மண்ணு, மணலு, மக்கின சாணி கலந்து. மேல பழைய நூல்சேலையைப் பந்தலாக் கட்டினாங்க, வெயில் சல்லடையா விழட்டும்னு. குருவம்மா சொல்லாமக் கொள்ளாம தன் வீட்டுச் சேலையையும் ஒண்ணைக் கொண்டாந்து கட்டிட்டுப் போனா. ஒருநா பொம்முத்தாய் செவுத்துக்குப் பின்னாடி நின்னு கேட்டா, குருவம்மா ஒரு கன்னுகிட்ட குனிஞ்சு, "போதும்டி, வாயை மூடப் பழகிட்டயே, கெட்டிக்காரி"ன்னு சொல்றா. பொம்முத்தாய் சத்தம் போடாம உள்ள போயிட்டா. அது வரைக்கும் குருவம்மா அவளைப் பாத்து ஒரு வார்த்தை பேசினதில்ல.

ம் கொட்டு.

"...ம்."

அப்புறம் ஆடி பிறந்துச்சு. ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்பாங்க. அம்மி பறந்து நான் பாத்ததில்ல, ஆனா எங்க சின்னம்மா வீட்டுக் கூரை ஓட்டை உருவிக்கிட்டுப் போனதைப் பாத்திருக்கேன். அன்னைக்கு மத்தியானம் கணவாய்ப் பக்கம் இருந்து வந்துச்சு காத்து. உய்ய்ய்னு ஊளை. புழுதி எழும்பிக் கண்ணு தெரியல. சேலைப்பந்தல் படபடபடன்னு அடிச்சு, சடார்னு அறுந்து, மேல மேல பறந்து போயி முருங்கைமரத்துல மாட்டிக்கிச்சு. கன்னு எல்லாம் வெட்டவெளியில! மேல வெயிலு, பக்கத்துல காத்து!

குருவம்மா அலறினா. ஆட்டைப் பாத்து இல்ல, செவுத்தைப் பாத்து இல்ல. "ஏ பொம்மு! கூடையைக் கொண்டுவாடி! கவுத்துடி! மூடுடி எல்லாத்தையும்! செத்துரும்டி!"

பொம்மு. எத்தனை காலம் ஆச்சு அந்த வாயில இருந்து அந்தப் பேரைக் கேட்டு. பொம்முத்தாய் கூடையோட ஓடி வந்தா. வந்தவ ஒரு கன்னுகிட்டக் குனிஞ்சா. காலையில விட்ட தண்ணி நடுக்குருத்துல ஒரு சொட்டு நின்னுச்சு. அது இலையில ஒட்டாம முத்து மாதிரி உருண்டு ஓடிக் கீழ விழுந்துச்சு. இலையைத் தொட்டுப் பாத்தா, தடிமனா, மெழுகு பூசின மாதிரி வழவழன்னு இருந்துச்சு. பாட்டில்ல இருந்தப்போ ஈரத்துணி மாதிரி இருந்த இலையா இது? இனி இது தாங்கும்னு அவளுக்குப் புரிஞ்சு போச்சு. கூடையைக் கீழ வச்சுட்டா.

"என்னடி பண்ற?"

"விடுங்க மதினி."

"கிழியுதுடி! இலை கிழியுதுடி!" டர்ர்ர், டர்ர்ர்னு கிழிஞ்சுச்சு. குருவம்மா கூடையை எடுக்கப் போனா. பொம்முத்தாய் அவ ரெண்டு கையையும் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா.

"கிழியட்டும் மதினி. கிழிஞ்சா அந்த வழியாக் காத்து போயிரும். கிழியாத இலைதான் காத்தைப் பிடிச்சு மரத்தையே சாய்க்கும். நம்ம கொல்லையில நின்னதெல்லாம் கிழிஞ்ச இலையோடதானே நின்னுச்சு?"

குருவம்மா கையை உருவல. கல்நெஞ்சுக்காரிக்குக் கண்ணுல பொலபொலன்னு கொட்டுது, புழுதின்னு சொல்லிக்கிட்டா. ரெண்டு பேரும் அப்படியே கையைப் பிடிச்சுக்கிட்டு, முதுகைக் காத்துக்குக் காட்டிக்கிட்டு நின்னாங்க. காத்து ஓயுற வரைக்கும் நின்னாங்க. ஓஞ்சதும் திரும்பிப் பாத்தாங்க. ரெண்டு மூணு கன்னு முறிஞ்சு போச்சு. மத்தது எல்லாம் நின்னுச்சு, இலை தோரணம் தோரணமாத் தொங்க.

அப்புறம் தெருவுக்கே சொல்லி விட்டாங்க. சொல்லி விட்டது யாரு தெரியுமா, குருவம்மாதான். வீடு வீடாப் போய் நின்னு கூப்பிட்டா. வீட்டுக்கு ஒரு கன்னு. பொம்பளைங்க ஓலைப்பெட்டியைத் தூக்கிட்டு வந்து வாசல்ல நின்னாங்க. என்ன பேசுறதுன்னு தெரியாம, "குழி எம்புட்டு ஆழம் வெட்டணும், பொம்மு?"ன்னு ஒருத்தி கேட்டா. அதைப் பிடிச்சுக்கிட்டு இன்னொருத்தி கேட்டா. அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்துல கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. பதில் சொல்லியே பொம்முத்தாய்க்குத் தொண்டை கட்டிப் போச்சு.

பவுனு?

"...ம்..."

முதல்ல குலை தள்ளினது பொம்முத்தாய் கொல்லையில இல்ல. குருவம்மா கொல்லையில. பழுத்ததும் குருவம்மா ஒரு சீப்பை வெட்டி எடுத்தா. முதல் சீப்பு கோயிலுக்குத்தான் போகணும், அதுதான் ஊர் முறை. சாமி கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கிட்டுப் போகுதுன்னு தெருவைத் தாண்டி எதுத்த வீட்டுக்கு வந்தா. பொம்முத்தாய் அடுப்பு ஊதிக்கிட்டு இருந்தா. குருவம்மா ஒரு பழத்தைப் பிச்சு, தோலை உரிச்சு, அவ வாய்க்கு நேரா நீட்டினா.

"இந்தா. தின்னு. இது உனக்கில்லாம நான் யாருக்குக் குடுக்கப் போறேன்?"

பொம்முத்தாய் வாயைத் திறந்தா. முதல்ல லேசாப் புளிச்சுச்சு...

கதைக்குக் குலையும் வெட்டியாச்சு, பழமும் பழுத்தாச்சு, தின்னு தோலை ஆட்டுக்கும் போட்டாச்சு. இனி சொல்ல ஒண்ணும் இல்ல. எங்க "ம்"? தூங்கிருச்சு கழுதை. கையும் மரத்துப் போச்சு. கிடக்கட்டும், உருவ வேணாம்.